சரக்கு இருக்கிறது, ஆனால் அகப்படவில்லை!

கடையில் சரக்கு நிறைய இருக்கிறது. வாங்க வந்தவர் கையில் பணமும் இருக்கிறது. ஆயினும் வியாபாரம் நடக்கவில்லை! இணையக் கடைகளில் இந்த விந்தை நிகழ்வதுண்டு. காரணம் என்ன?

இணையக் கடையில் பொருளைத் தேடும்போது யந்திரம் மூலக் கணக்கைப் புரட்டுவதில்லை. புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்ற 'இன்டெக்ஸ்' ஒன்றையே பார்க்கிறது. எந்தச் சொல் எந்தச் சரக்கைக் குறிக்கும் என்பது அதில் இருக்கும். புதுச் சரக்கு வந்தும் இன்டெக்ஸ் பழையபடியே இருந்தால், கிடைக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். அப்போது மூலக் கணக்கிலிருந்து அதைப் புதிதாக எழுதியாக வேண்டும்.

2008-ல் வெளிவந்த 'மேஜெண்டோ' என்னும் கடை மென்பொருளை 2018-ல் அடோபி கம்பெனி 168 கோடி டாலருக்கு வாங்கியது. இதன் இலவசப் பதிப்பு இன்றும் உண்டு. முன்பெல்லாம் மூலக் கணக்கை வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல்லைக் கொண்டே தேடவும் முடிந்தது. 2020-ல் வந்த 2.4 பதிப்பு அதை நீக்கி, 'எலாஸ்டிக்சர்ச்' என்ற தனித் தேடு யந்திரத்தைக் கட்டாயமாக்கிற்று.

மறு வருஷமே தகராறு மூண்டது. தன் யந்திரத்தை அமேசான் போன்ற பெருங்கம்பெனிகள் சேவையாக விற்றுப் பணம் பண்ணுகின்றன என்று கூறி, எலாஸ்டிக் கம்பெனி 2021 ஜனவரியில் லைசென்ஸ் நிபந்தனைகளை மாற்றியது. அமேசான் பழைய பிரதியைக் கொண்டு 'ஓப்பன்சர்ச்' என்று போட்டி யந்திரம் தொடங்கியது. 2022-ல் மேஜெண்டோ அதையும் ஏற்றது. 2024-ல் ஓப்பன்சர்ச் லினக்ஸ் பவுண்டேஷன் வசம் சென்றது. எலாஸ்டிக்கும் மீண்டும் ஒரு திறந்த லைசென்ஸை அளித்தது.

யானைகளின் சண்டையில் சிறு கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? சொந்தக் கடைக்கு உபயோகிக்க அவருக்குத் தடையில்லை. ஆனால் யந்திரம் மாறினால் இன்டெக்ஸ் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். அதற்கான நேரமும் கூலியும் அவருடையவையே.

எனினும் அஞ்ச வேண்டியதில்லை. இன்டெக்ஸ் வெறும் நிழல். மூலக் கணக்கே முதல். நிழல் அழிந்தால் மீண்டும் உண்டாக்கலாம். முதல் அழிந்தால் முடியாது. எனவே சரக்கு விவரங்களைச் சுத்தமாக எழுதி, பிரதியெடுத்துத் தம் கையிலேயே வைத்திருப்பது முதற்கடமை. குறித்த நேரந்தோறும் இன்டெக்ஸைப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஓடுகிறதா என்று கவனிப்பது அடுத்தது. அது ஓசையின்றி நின்றுவிடக் கூடியது. அப்போது கடை திறந்தே இருக்கும். சரக்கு மட்டும் கண்ணில் படாது!