பள்ளியைக் கட்டினால் போதுமா, நடத்த வேண்டாமா?

சிங்கப்பூரின் பிடோக்கில் வசிக்கும் தமிழர்களின் கைப்பேசிக்கு அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. ஊர்த் தொடக்கப்பள்ளியின் படம், விரிசல் விட்ட சுவர், வராந்தாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், ‘நம்ம ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம், ஆளுக்கு நூறு வெள்ளி’ என்ற வேண்டுகோள், கடைசியில் பணம் அனுப்ப ஒரு பேநவ் எண். அனுப்புகிறவர் பட்டுக்கோட்டைக்காரராக இருக்கலாம், கடையநல்லூர்க்காரராக இருக்கலாம், யாழ்ப்பாணத்தைப் பூர்விகமாகக் கொண்டவராக இருக்கலாம். கம்போடியாவுக்குத் தொண்டூழியம் செய்யப் புறப்படும் கல்லூரி இளையராகவும் இருக்கலாம். புளோக் கீழ்த்தளத்தில் பலகாரம் விற்றும், சமூக மன்றத்தில் விருந்துச் சீட்டு விற்றும் இதே காரியத்துக்குப் பணம் சேர்ப்பவர்கள் உண்டு. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் குறைவு. பணமும் சேர்ந்துவிடுகிறது.

சேர்ந்த பணம் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் தெளிவு போதவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு கிராமப் பள்ளிக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள், கட்டடத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அந்தப் பள்ளி அடுத்த பத்தாண்டு ஒழுங்காக நடக்க என்ன வேண்டும் என்று பார்த்து, அதற்கு மாதாமாதம், சட்டப்படி, கணக்கோடு கொடுக்க வேண்டும்.

கொடுத்துப் பழகிய சமூகம்

கல்விக்குக் கொடுப்பது சிங்கப்பூர்த் தமிழருக்குப் புதிதல்ல. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் இங்கே இயங்கியபோது அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். பெரும் பணக்காரர்களை நம்பி அவர் இறங்கவில்லை. சாதாரணத் தொழிலாளிகள் கொடுத்த வெள்ளிகளால்தான் அந்த இயக்கம் நடந்தது. அதற்கு முன்பே, 1946-ல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. பிழைக்க வந்த இடத்தில், தம் பிள்ளைகளுக்காக ஓர் ஊர் மக்கள் உருவாக்கிய பள்ளி அது. யாழ்ப்பாணத்தில் ‘மலாயன் பென்சனியர்’ என்று அழைக்கப்பட்டவர்கள், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தம் ஊர்க் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள்.

உமறுப் புலவர் பள்ளியின் பிற்காலமும் நமக்குப் பாடம். உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, சிங்கப்பூரின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியாக நின்ற அது, 1982-ல் மூடப்பட்டது. கட்டடம் இடிந்ததால் மூடவில்லை. பெற்றோர் ஆங்கிலவழிக் கல்விக்கு மாறியதால் சேரப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பெயர் இன்றும் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது என்றால், அங்கே தமிழ் கற்பிப்பதற்கான செலவையும் ஆசிரியரையும் அரசு ஏற்றுக்கொண்டதே காரணம். பிள்ளைகள், ஆசிரியர், நடத்துவதற்கான வரவு ஆகிய மூன்றில் ஒன்று போனாலும் சுவர் பள்ளியைக் காப்பாற்றாது.

கட்டடம் எப்போது பலன் தரும்?

கட்டடத்தால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பிடோக்கிலிருந்து படகுத்துறைக்குப் போய்க் கடலைத் தாண்டினால் வரும் இந்தோனீசியாவே சாட்சி. எண்ணெய் வருமானம் பெருகிய 1970-களில் அந்நாட்டு அரசு 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. அதன் விளைவைப் பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார். பள்ளிகள் கூடுதலாகக் கட்டப்பட்ட வட்டாரங்களில் பிள்ளைகள் கூடுதல் காலம் படித்தார்கள், வளர்ந்தபின் கூடுதல் கூலியும் பெற்றார்கள் என்று அவர் காட்டினார். பின்னாளில், 2019-ல், நோபெல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். பள்ளியே இல்லாத இடத்தில் பள்ளி வந்ததும், கட்டடத்தோடு ஆசிரியர்களையும் அரசே நியமித்துச் சம்பளம் கொடுத்ததும் அங்கே கைகொடுத்தன.

தமிழ்நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியால் வளர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். இன்று ஒரு மூட்டை, நாளை ஒன்றுமில்லை என்ற பேச்சில்லை. தினமும் ஒரு பிடி. காமராஜர் முதலமைச்சரான பிறகு, 1950-களின் கடைசியில், பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். ஊரார் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரமும் கரும்பலகையும் சீருடையும் கொடுத்தார்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு பார்த்துக்கொண்டது. யார் எதைச் சுமப்பது என்ற பங்கீடு தெளிவாக இருந்ததால், ஊர் கொடுத்தது வீண்போகவில்லை.

அந்தப் பங்கீடு இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைக் கிராமங்களில் பள்ளி கட்டுவதாக அமெரிக்காவில் கோடிக்கணக்கில் நிதி திரட்டினார் கிரெக் மார்டென்சன். அவருடைய புத்தகம் பல இலட்சம் பிரதிகள் விற்றது. சில பள்ளிகள் காலியாகக் கிடக்கின்றன என்று 2011-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அம்பலப்படுத்தியது. மறு ஆண்டே மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்து, மார்டென்சன் நடத்திய அறநிறுவனத்துக்கு அவர் 10 இலட்சம் டாலருக்கு மேல் திருப்பித்தர வேண்டும் என்று தீர்வு கண்டார். கட்டி முடித்ததைக் கொண்டாடும் அளவுக்கு, கட்டிய பிறகு அங்கே நடப்பதைப் பார்க்க ஆளில்லை என்பதே அந்தக் கதை.

நம் ஊரில் எது குறை?

இன்று தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளியே இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பறை கட்ட அரசிடமே திட்டம் இருக்கிறது. ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் என்று பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை 2022-ல் அறிவித்தார்கள். நாம் வெள்ளி வெள்ளியாகச் சேர்ப்பது இதன் முன் சிறுதுளி. அப்படியானால் சிறுதுளி விழ வேண்டிய இடம் எது?

பள்ளிக் கழிப்பறையைப் பாருங்கள். கட்டித்தர ஆள் கிடைக்கிறார்கள். வாசலில் உபயதாரர் பெயரும் பளிச்சென்று இருக்கிறது. மூன்றாம் மாதம் மோட்டார் காயில் எரிந்துபோகிறது. மேலே சின்டெக்ஸ் தொட்டியில் தண்ணீர் ஏறாது. குழாய்த் திருகு உடைந்திருக்கும். தூய்மைப் பணியாளருக்குக் கிடைக்கும் தொகை அவர் தினமும் வந்துபோகக் காணாது. கதவுக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். வயது வந்த பெண்பிள்ளை மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. மோட்டார் காயில் கட்டும் செலவு கட்டடச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு? ஆனால் அதற்கென்று கேட்டு யாரும் கைப்பேசியில் செய்தி அனுப்புவதில்லை. காயிலுக்குக் கல்வெட்டு வைக்க முடியாதல்லவா?

பராமரிக்காத கட்டடம் ஆபத்து. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. இன்று நாம் கட்டிக்கொடுக்கும் சுவரும் ஒருநாள் பழையதாகும். அன்று அதைத் தட்டிப் பார்க்க யார் இருப்பார்கள் என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும்.

இளையர்களின் வெளிநாட்டுத் தொண்டூழியத்துக்கும் இது பொருந்தும். 2000-ல் சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் இளையர்களை இந்த வட்டார நாடுகளுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அதைத் தேசிய இளையர் மன்றம் ஏற்றுக்கொண்டது. பள்ளிச் சுவருக்குச் செங்கல் எடுத்துக்கொடுத்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் பலர் நல்ல மனிதர்களாக வளர்ந்திருக்கிறார்கள். அந்த அனுபவம் மதிப்புள்ளது. ஆனால் சுவர் எழுப்ப அந்த ஊரிலேயே கொத்தனார் உண்டு, அவருக்கு வேலையும் தேவை. நம் பிள்ளைகள் திரும்பிய பிறகும் அந்தப் பள்ளியோடு தொடர்பு வைத்திருந்து, மறுஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் அதே ஊருக்கு அடுத்த அணி போனால்தான் கிராமத்துக்குப் பயன்.

ஒரே புளோக், இரண்டு கடவுச்சீட்டு

நல்ல எண்ணம் சட்டத்தின் முன் தானாகச் செல்லுபடியாகாது. சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காக நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுமக்களிடம் திரட்டும் நிகரத் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி; விலக்கு வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். தெருவில் நின்றோ வீடு வீடாகப் போயோ வசூலிக்கத் தனி உரிமம் வேண்டும். உள்ளூரில் தகுதிபெற்ற பொதுநல அமைப்புக்குக் கொடுத்தால் கிடைக்கும் இரண்டரை மடங்கு வரிக்கழிவு, வெளிநாட்டுப் பள்ளிக்குக் கொடுத்தால் கிடையாது. 2005-ல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் நிதி முறைகேட்டு விவகாரம் இந்நாட்டு மக்களின் நம்பிக்கையை எப்படி உலுக்கியது என்பது நினைவிருப்பவர்கள் இந்தக் கெடுபிடியைக் குறைசொல்ல மாட்டார்கள்.

இந்தியப் பக்கம் இன்னும் நுணுக்கம். ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் அடுத்தடுத்த வீட்டில் இருவர். ஒருவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவர் கையில் சிங்கப்பூரின் சிவப்புக் கடவுச்சீட்டு. இருவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம் ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் அனுப்புவது வெளிநாட்டுப் பணம். இங்கே பதிவான சங்கம் திரட்டி அனுப்புவதும் அப்படியே. அதைப் பெறும் அறக்கட்டளை உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் அல்லது முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

இதற்கெல்லாம் சலித்துக்கொண்டு, ‘மச்சான் கணக்குக்கு அனுப்பிவிடலாம், அவர் முன்நின்று கட்டிவிடுவார்’ என்று குறுக்குவழி தேடுபவர்கள் உண்டு. மச்சான் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் கொடுத்தவர்களுக்குக் காட்ட இரசீது இருக்காது, தணிக்கை இருக்காது, நாளை கேள்வி வந்தால் மாட்டுவது அவர்தான். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றுவது உறவுக்கும் நல்லதல்ல, பள்ளிக்கும் நல்லதல்ல.

மாதம் பத்து வெள்ளி

செய்யக்கூடியது என்ன? முதலில் பள்ளியைக் கேளுங்கள். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியது அந்தக் குழு. பிடோக்கில் உட்கார்ந்து நாம் ஊகிப்பதைவிட, பிள்ளையைத் தினமும் அந்தப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குத் தேவை நன்றாகத் தெரியும். அவர்கள் எழுதிய திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். தமிழ்நாட்டு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தில், எந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

இரண்டாவது, மாதாமாதம் கொடுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 1990-களிலிருந்து நம் சம்பளத்தில் மாதந்தோறும் சில வெள்ளிகள் போகின்றன. அதனால் யாரும் ஏழையாகிவிடவில்லை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடக்கிறது. ஓர் ஊரைச் சேர்ந்த நூறு குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி கொடுத்தால் ஆயிரம் வெள்ளி. இன்றைய மதிப்பில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலருக்கு அரசு மாதம் கொடுத்தது ஆயிரம் ரூபாய். அந்த அளவுகோலில் பார்த்தால், தூய்மைப் பணியாளருக்குக் கௌரவமான கூலி, மாலை வகுப்பு, நூலகம், மோட்டார் பழுது எல்லாவற்றுக்கும் போதும். பத்தாண்டில் 1,20,000 வெள்ளி ஆகிறது. ஒரே மூச்சில் கேட்டால் மலைப்பாகத் தெரியும் தொகை இது.

மூன்றாவது, ஆசிரியர் நியமனத்தை அரசிடம் விடாமல் கேளுங்கள். அது அரசின் கடமை. நம் பணத்தால் அந்த இடத்தை நிரப்பினால் காலியிடம் நிரந்தரமாகிவிடும்.

நான்காவது, கணக்கை ஆண்டுதோறும் கொடுத்தவர் அனைவருக்கும் அனுப்புங்கள். பத்து வெள்ளி கொடுத்த கட்டுமானத் தொழிலாளிக்கும் ஆயிரம் வெள்ளி கொடுத்த தொழிலதிபருக்கும் ஒரே தாள் போக வேண்டும். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் ஒரு பத்தியைத் தடங்கலின்றிப் படிக்கிறதா என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு விமானம் ஏறிப்போய் நாடா வெட்டுவதற்கு ஆள் எப்போதும் கிடைப்பார்கள். ஏழாவது ஆண்டு மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறதா என்று தொலைபேசியில் விசாரிப்பவர்தான் அந்தப் பள்ளியைக் கட்டியவர். அப்படிப் பத்தாண்டு கூட நிற்க மனமில்லாதவர்கள், ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். நிற்கத் துணிந்தவர்கள் இந்த மாதமே நூறு குடும்பங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.