தருமிக்குப் பொற்கிழி எதற்கு?

மகாசிவராத்திரி இரவில் நான்கு காலப் பூஜையையும் ஆலயத்திலேயே இருந்து தரிசிக்க உடல் இடங்கொடாத பெரியவர்கள், இரண்டாம் காலம் முடிந்ததும் திருநீறு பெற்று இல்லம் திரும்புவர். உறக்கம் வாராதிருக்க வேண்டுமே! தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே அமர்ந்தால், ஏதேனும் ஓர் அலைவரிசையில் ‘திருவிளையாடல்’ திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கும். 1965ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தைக் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து முதன்முதலாகக் கண்டவர்களுக்கு இன்று வயது எழுபதைக் கடந்திருக்கும். எத்தனை முறை கண்டனர் என்று கேட்டால் கணக்குச் சொல்ல அவர்களால் இயலாது. திரையில் வசனம் வருமுன்னரே அவர்தம் உதடு அசையும்.

அப்படத்தின் சிறப்பை மறுப்பார் இலர். சிவாஜி கணேசன் சிவபெருமானாகவும் சாவித்திரி பார்வதியாகவும் தோன்றினர். படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜன் தாமே நக்கீரர் வேடம் புனைந்தார். கே.வி. மகாதேவனின் இசையில், டி.எஸ். பாலையா நடித்த ஏமநாத பாகவதருக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாடலைக் கேட்டுக் கர்நாடக இசையின்பால் மனம் திரும்பியவர் பலர். ஔவையாக வந்த கே.பி. சுந்தராம்பாளின் குரலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? மீனவராக வந்த சிவபெருமான் கடற்கரையில் நடக்கும் அந்த நடை மட்டும் சற்று மிகை என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அதை அவரவர் ரசனைக்கே விட்டுவிடலாம்.

ஆனால் இத்தனை முறை கண்டவரிடம் ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்கலாம். தருமிக்கு அந்த ஆயிரம் பொன் எதற்காகத் தேவைப்பட்டது?

“வறுமைதான்” என்ற விடையே பெரும்பாலும் வரும். நாகேஷ் நடித்த தருமி ஓர் ஏழைப் புலவர். சோற்றுக்கு வழியின்றித் தவிப்பவர். பரிசு கிடைக்குமா கிடைக்காதா என்று கோயில் மண்டபத்தில் தனியே புலம்புபவர். அந்தப் புலம்பல் வரும்போது சிரிக்காதவர் இல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் தருமி வேறொருவர். அவர் ஆதிசைவ குலத்துப் பிறந்த இளைஞர், தாயும் தந்தையும் இழந்தவர், பிரமசாரி. சொக்கநாதப் பெருமானைத் தம் கையால் தீண்டி அருச்சிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு அவர் இல்லறத்தாராதல் வேண்டும். மணம் முடித்துவைக்கப் பெற்றோர் இல்லை, கையிற் பொருளும் இல்லை. பாண்டியன் சங்க மண்டபத்தில் தொங்கவிட்ட பொற்கிழி, அவருக்குப் பெருமானின் சந்நிதிக்குள் நுழையும் வழியாகத் தோன்றியது.

கோயில் குருக்கள்மார் குடும்பங்களை அறிந்த பெரியவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பூஜை செய்யும் உரிமை எய்துவதற்காகவே பெண் பார்க்கும் இளைஞர்கள் இன்றும் அக்குடும்பங்களில் உள்ளனர். திரைப்படத்தின் தருமி சிரிக்கவைத்துவிட்டுப் போகிறார். புராணத்தின் தருமியோ, பாட்டிற் குற்றம் உண்டு என்று நக்கீரர் மறுத்தபோது நேரே பெருமானிடம் சென்று, “உன் பாட்டுக்குக் குற்றம் சொல்கிறார்கள், இந்த இகழ்ச்சி உனக்கா, எனக்கா?” என்னும் பொருள்பட அழுகிறார். பொன் போயிற்றே என்ற துயரத்தோடு, தன் இறைவனுக்கு இழுக்கு வந்ததே என்ற துயரமும் அங்கே கலந்திருக்கிறது. நகைச்சுவைக்காக அந்த இளைஞரின் கண்ணீரைக் கொடுத்து வாங்கிய பேரம் சற்று விலை மிகுந்ததுதான்.

இதனினும் பெரிய சிக்கல் நக்கீரரிடம் இருக்கிறது. ஓர் இல்லத்தில் சிவராத்திரி இரவில் பாட்டியின் மடியில் தலைவைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பேத்தி, நெற்றிக்கண் திறக்கும் கட்டம் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

“பாட்டி, அப்ப சாமிதானே தோத்துப் போனார்?”

“அபசாரம், அபசாரம்! அப்படியெல்லாம் சொல்லப்படாது கண்ணு.”

“பாட்டுல தப்பு இருந்துதா இல்லையா, அதைச் சொல்லு பாட்டி.”

பாட்டியிடம் விடை இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, “பேசாம படத்தைப் பாரு” என்று சொல்லிவிட்டார். குழந்தை கேட்டதில் அபசாரம் ஏதும் இல்லை. திரைப்படம் அந்த வினாவைத்தான் எழுப்பிவிடுகிறது. ஆண்டவனுக்கு எதிரே அஞ்சாது நின்ற புலவரே அங்கு வீரராகத் தோன்றுகிறார். மேடைதோறும் முழங்கப்பட்டு, ஆட்சியாளரை எதிர்த்துப் பேசுவோர் எல்லாரும் எடுத்தாளும் உவமையாகவும் நக்கீரர் ஆகிவிட்டார். எரிந்த புலவர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்வதும் மீள்வதும் படத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன.

புராணம் அவ்வளவு விரைவாக முடிப்பதில்லை. தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் 64 திருவிளையாடல்களில் 52ஆவது. அடுத்து வரும் 53ஆவது படலம் முழுவதும் கீரனைக் கரையேற்றுவதற்கே உரியது. சங்கப் புலவர்கள் கூடி இறைவனை வேண்டுகின்றனர். பெருமான் உமையம்மையோடு குளக்கரையில் எழுந்தருளுகிறார். நீருக்குள் இருந்தபடியே நக்கீரர் ‘கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி’யைப் பாடுகிறார். ஒரு வெண்பா கயிலைக்கு, அடுத்தது காளத்திக்கு என மாறிமாறி நூறு வெண்பாக்கள்! அந்த அந்தாதி பதினோராம் திருமுறையில் இன்றும் உள்ளது. அதன்பின் பெருமானே கைகொடுத்துக் கரையேற்றுகிறார்.

கதை அத்துடனும் நிற்கவில்லை. 54ஆவது படலத்தில், கரையேறிய நக்கீரருக்கு இலக்கணம் கற்பிக்க அகத்திய முனிவரை இறைவன் வரவழைக்கிறார். இறைவன் பாட்டிலேயே பிழை கண்ட பெரும்புலவர், மாணவராகக் கீழே அமர்ந்து மீண்டும் பாடம் கேட்கிறார். சிவபெருமான் அவரை அழித்துவிடவும் இல்லை, வாதத்தில் வென்றதாக விட்டுவிடவும் இல்லை, பள்ளிக்கு அனுப்பினார்! பேத்தியின் வினாவுக்கு இதைவிடச் சுவையான விடை ஏது? பாட்டிக்கு இந்த இரண்டு படலங்களும் சிறு வயதில் தெரிந்தவையே. கோயிலில் புராணம் படிக்கக் கேட்டவர்தாம் அவர். ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் திரையில் மீண்டும் மீண்டும் கண்ட காட்சி, காதால் ஒருமுறை கேட்டதை மெல்ல மறைத்துவிட்டது.

அண்மைக் காலமாக மாலை வேளைகளில் ஒளிபரப்பாகும் வடநாட்டுப் புராணத் தொடர்களின் தமிழாக்கங்களைப் பற்றியும் இரண்டு சொல் கூறவேண்டும். தேவர்கள் அனைவரும் ஒரே நகைக்கடையில் நகை எடுத்தவர்போல் ஒரே மாதிரி மின்னுகின்றனர். ஒருவர் அதிர்ச்சியுற்றால் இடிமுழக்கத்தோடு அவர் முகம் மும்முறை காட்டப்படுகிறது. கயிலாயத்தில் மாமியார் மருமகள் சண்டை ஒன்றுதான் இன்னும் வரவில்லை. இவற்றைப் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்கள்கூடத் திடுக்கிடும் இடம் ஒன்று உண்டு. முருகப்பெருமான் அண்ணனாகவும் விநாயகர் தம்பியாகவும் வருவர்! “என்ன அநியாயம் இது” என்று எழுந்து பெட்டியை அணைத்தவர்களும் உண்டு.

அது அநியாயம் அன்று, வடபுலத்து மரபு. சிவபுராணத்திலும் உலகை வலம்வரும் போட்டி இருக்கிறது. ஆங்கே பரிசு மாங்கனி இல்லை, திருமணம். முதலில் உலகைச் சுற்றி வருபவருக்கே முதலில் மணம் என்று பெற்றோர் கூறுகின்றனர். கார்த்திகேயர் புறப்பட்டுச் செல்ல, விநாயகர் தாய் தந்தையரை வலம்வந்து சித்தி, புத்தி என்னும் இருவரை மணக்கிறார். சினமுற்ற கார்த்திகேயர் தெற்கே கிரவுஞ்ச மலைக்குச் சென்றுவிட, மகனைப் பிரிந்திருக்க மாட்டாத அம்மையும் அப்பனும் அவர் அருகே வந்து மல்லிகார்ச்சுனராக அமர்ந்தனர் என்பது ஸ்ரீசைலத் தலவரலாறு. தமிழகத்தில் அதே கோபம் பழனி மலையில் வந்து நின்றது. பிள்ளைகள் கோபித்துக்கொண்டு வெளியேறுவதும் பெற்றோர் பின்னே செல்வதும் இரு நாட்டுக்கும் பொது. பெட்டியை அணைப்பதைவிடப் பேரக் குழந்தைகளிடம் இரண்டு கதையையும் சொல்லிவிடலாம். குழந்தைகள் இதில் குழம்புவதில்லை. குழம்புகிறவர்கள் பெரியவர்களே.

1987ஆம் ஆண்டு ஜனவரி 25 முதல் ஞாயிறுதோறும் காலையில் தூர்தர்ஷனில் வந்த ராமானந்த சாகரின் ‘ராமாயண்’ தொடரையும் 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கு நாள்களில், பலர் மறுபடி கண்டனர். இந்தி ஒரு சொல்லும் அறியாத தமிழ்ப் பாட்டிமார்கள் அன்று நீராடி விளக்கேற்றி அமர்ந்து அதைக் கண்டதுண்டு. இன்றைய வேகத்துக்குப் பழகிய கண்களுக்கு அதன் நிதானம் சோதனையாக இருக்கலாம். ஆயினும் அருண் கோவிலின் புன்முறுவலுக்கு மாற்று இன்னும் வரவில்லை என்பதே பெரியவர்களின் தீர்ப்பு. அத்தொடரில் இலக்குவன் கிழித்த கோட்டைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் அக்கோடு இல்லை என்பதும், கம்பர் காட்டும் இராவணன் சீதையைத் தீண்டாது பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் சென்றான் என்பதும் வியப்பாகவே இருக்கும்.

மீண்டும் மதுரைக்கு வரலாம். திரைப்படத்தின் இறுதிக் கதை விறகு விற்ற படலம், புராணத்தில் 41ஆவது. வடக்கிலிருந்து வந்த ஏமநாதனோடு பாடிப் போட்டியிட வேண்டும் என்று பாணபத்திரருக்கு அரசன் ஆணையிடுகிறான். அவர் அஞ்சிப் பெருமானிடம் முறையிடுகிறார். இறைவன் விறகு விற்பவராய் வருகிறார். திரையில் அவர் ஆட்டமும் பாட்டுமாகத் தெருவை அளக்கிறார். திண்ணையில் அமர்ந்து அவர் பாடும் பாடல் கௌரிமனோகரி இராகத்தில், டி.எம். சௌந்தரராஜனின் கம்பீரக் குரலில் ஒலிக்கிறது. புராணத்தில் இறைவன் பாடியது சாதாரிப் பண். தேவாரப் பண்ணிசையில் பந்துவராளி இராகத்தில் ஓதப்படுவது அதுவே. ஆலயத்தில் ஓதுவார் சாதாரி பாடக் கேட்கும் அன்பர்கள் இதை நினைவிற் கொண்டால், கேட்கும் சுகமே வேறு.

பரஞ்சோதியார் காட்டும் விறகு விற்பவரிடம் ஆட்டம் இல்லை. அவர் முதியவர், கந்தை உடுத்தவர், விறகுக் கட்டைச் சுமந்து தெருத்தெருவாக அலைந்து, இருட்டியபின் ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் சாய்கிறார். பாட்டைக் கேட்டு மெய்மறந்து வெளியே வந்த ஏமநாதன், “நீ யார்?” என்று வினவுகிறான். பாணபத்திரரிடம் இசை பயிலச் சென்றதாகவும், மூப்பினால் இசைக்கு ஆகாதவன் என்று அவர் தள்ளிவிட்டதாகவும் விடை வருகிறது. தள்ளப்பட்டவனின் பாட்டே இத்தகையதாயின் அந்த ஆசானின் பாட்டு எத்தகையதோ என்று நடுங்கிய ஏமநாதன், இரவோடிரவாக ஊரைவிட்டே ஓடிவிடுகிறான். எல்லாம் வல்ல இறைவன், ‘வயதாகிவிட்டது, இனிப் பயன்படமாட்டான்’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு முதியவராக வந்து தன் அடியாரைக் காத்தார் என்று புராணம் சொல்லும் இடம் இது. இல்லத்தின் மூலையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இந்தக் கட்டத்தைப் படிப்பதற்கும் பிறர் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

படம் இங்கே முடிந்துவிடுகிறது. 42ஆவது படலம் தொடர்கிறது. அரசவைப் பணியை விட்டுத் திருக்கோயிலிலேயே பாடிக்கொண்டிருந்த பாணபத்திரரை வறுமை சூழ்கிறது. சொக்கநாதர் சேர மன்னருக்குத் தம் கையால் ஓர் ஓலை எழுதிக் கொடுத்தனுப்புகிறார். அந்தத் திருமுகப் பாசுரமே பதினோராம் திருமுறையின் தொடக்கப் பாட்டு. ஆசிரியர் பெயர் திருவாலவாயுடையார் என்றே அச்சிடப்பட்டிருக்கும். ஓலையைத் தலைமேற் கொண்டு ஆடிப்பாடிய சேரமான் பெருமாள், தம் கருவூலம் முழுவதையும் அரசையும்கூடப் பாணர் முன் வைக்கிறார். பாணபத்திரர் தமக்கு வேண்டிய அளவு மட்டும் பெற்றுக்கொண்டு, ஆட்சியை மன்னரிடமே விட்டுவிட்டு மதுரைக்குத் திரும்புகிறார்.