பெயருள்ள துணியும் பெயரற்ற ஊரும்

திருப்பூரிலிருந்து மலேசியாவுக்குச் சென்று வருவோர் இப்போது குறைவல்லர். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் மலை, பினாங்கு என்று ஐந்தாறு நாட்களில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலைப் பார்த்துக் கிடக்கும் கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் அந்தப் பயணப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. மலாய் மரபின் தொட்டில் என்று மலேசியர்களே சுட்டுகிற பகுதி அது. மக்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மலாய்க்காரர்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும். பெயர்ப்பலகைகளில் ஜாவி எனப்படும் அரபு வழி எழுத்து. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கொந்தளித்து, மீன்பிடி படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். துணியால் வாழ்கிற ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் மலேசியாவில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கரையைத்தான் என்பது, அங்கு சென்று திரும்பிய எங்கள் கருத்து.

கிளந்தானின் தலைநகரான கோத்தா பாருவில் சித்தி கதீஜா சந்தை இருக்கிறது. நபிகள் நாயகத்தின் துணைவியாரும் வணிகருமான கதீஜா அம்மையாரின் பெயரைத் தாங்கிய சந்தை. கடை நடத்துவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கீழ்த்தளத்தில் காய்கறியும் மீனும், மாடியில் துணி. அங்கே ஒரு கடையில் ஆண்கள் உடுத்தும் கைலியைக் காட்டச் சொன்னோம். கட்டம் போட்ட பருத்திக் கைலி ஒன்றை விரித்துப் போட்ட அம்மையார், அதை ‘காயின் பெலிகாட்’ என்றார். காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது நம்முடைய பழவேற்காடு. ஐரோப்பியர் நாவில் புலிக்காட் ஆன அதே ஊர். மலாய் ஆண்கள் வீட்டில் உடுத்துவதும், தொழுகைக்கு உடுத்திச் செல்வதும் இந்தத் துணியைத்தான். அந்த அம்மையாருக்கு அது ஒரு மலாய்ச் சொல், அவ்வளவே. அதில் ஒரு தமிழ்க் கடற்கரை ஊர் இருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. எங்களில் பலரும் அன்றுவரை அறிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கு வடக்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் அதுவே. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்திருந்தவர்கள் ஐரோப்பியச் சரக்கை அதிகம் விரும்பவில்லை. சோழமண்டலத் துணியைக் கேட்டார்கள். ஆகவே நறுமணப் பொருள் வாங்கத் துணி வேண்டியிருந்தது. டச்சுக்காரர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மலாக்காவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசியரான தொமே பிரெஸ் பழவேற்காட்டு வணிகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்த வணிகம் நடந்த முறை திருப்பூர்க்காரர்களுக்கு வியப்பளிக்காது. வாங்குபவர் மாதிரித் துணியைக் கொடுத்தனுப்புவார். இடையிலுள்ள வணிகர் முன்பணம் பெற்றுச் சுற்றுப்புற ஊர்களின் நெசவாளர்களுக்குப் பங்கிடுவார். நெய்து வந்ததைத் தரம் பார்த்துக் கழிப்பார்கள். கப்பல் புறப்படும் பருவம் நெருங்கிக்கொண்டிருக்கும். சாம்பிள், ஆர்டர், ஜாப்வொர்க், செக்கிங், ஷிப்மென்ட் என்று இன்று நாம் சொல்கிற எல்லாம் அன்றும் வேறு பெயர்களில் இருந்தன. ஒரே ஒரு வேறுபாடு. அந்தத் துணி போய்ச் சேர்ந்த இடத்தில் ஊரின் பெயரும் கூடவே போய்ச் சேர்ந்தது. கோழிக்கோட்டின் பெயர் காலிகோ துணியிலும் சென்னையின் பெயர் மெட்ராஸ் கட்டத்துணியிலும் நிலைத்ததும் இவ்வாறே. பெயர்கள் எதிர்த்திசையிலும் வந்தன. நம் தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் கைலியைச் ‘சாரம்’ என்கிறார்கள். அது மலாயின் ‘சாரோங்’.

திரங்கானுவில் வேறொன்றைக் கண்டோம். சொங்கேட் என்ற சரிகைத் துணிக்குப் பெயர்பெற்ற மாநிலம் அது. பாவு நூல்களில் வேண்டியவற்றை மட்டும் தூக்கி, இடையில் கூடுதல் ஊடையாகச் சரிகையைச் செலுத்திப் பூவேலை எழுப்புகிறார்கள். நூலை இப்படி நெம்பித் தூக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்தே துணியின் பெயரும் பிறந்தது என்கிறார்கள். பெரும்பாலும் பெண்களே நெசவாளர்கள். ஒரு துணி முடியப் பல வாரங்கள் ஆகும். மலேசியாவின் சொங்கேட்டை யுனெஸ்கோ 2021இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரு மாநிலங்களிலும் மெழுகு அச்சிட்டுச் சாயமேற்றும் பாத்திக் பட்டறைகளும் உண்டு. இயந்திரத்தில் அச்சடித்த மலிவுத் துணி அவர்களையும் நெருக்குகிறது. ஆயினும் அங்கே துணிக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, செய்கிறவர் கண்ணெதிரே இருக்கிறார்.

இந்த மூன்றும் ஒன்றாக இருப்பது எவ்வளவு வலிமை என்பதைக் கிளந்தானின் நிழற்கூத்து காட்டுகிறது. எருமைத் தோலில் வெட்டிய பாவைகளைக் கொண்டு அவர்கள் ஆடுவது இராமகாதை. இராமன் அங்கே செரி ராமா. இராவணன் மகாராஜா வானா. இலக்குவன் லக்சமானா, மலாயில் கடற்படைத் தலைவருக்கும் அதுவே பதவிப் பெயர். 1990களில் கிளந்தான் மாநில அரசு இக்கூத்தையும் மாக் யோங் என்ற நாடக மரபையும் சமய அடிப்படையில் பொது மேடைகளிலிருந்து விலக்கியது. மாக் யோங்கை 2005இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக அறிவித்தபோதும் தடை இருந்தது. 2019இல்தான் நிபந்தனைகளுடன் தளர்ந்தது. இத்தனைக்கும் நடுவே கலைஞர்கள் அதைக் கைவிடவில்லை. ‘வாயாங் கூலிட் கிளந்தான்’ என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே வழங்கும் கலையை, தம்முடையது என்று உரிமை கொண்டாட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் 40,000 கோடி ரூபாயைக் கடந்தது. உலகத்தின் எத்தனையோ நகரங்களில் குழந்தைகள் நம் ஊர்ச் சட்டையை அணிந்து உறங்குகின்றன. ஆனால் கழுத்து லேபிளில் வாங்குபவரின் பெயர் இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும், திருப்பூர் இருக்காது. காதர்பேட்டையில் கழிவுச் சரக்காக விற்கும்போது அந்த லேபிளும் நறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். துணிக்குக் கிடைக்காத பெயர் நொய்யலின் சாயக்கழிவுக்குக் கிடைத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது செய்திகளில் நம் ஊர்ப்பெயர் பெரிதாக அடிபட்டது.

பெயரால் வயிறு நிறையுமா என்று கேட்கலாம். பெயர் இல்லாததால் நேர்ந்த இழப்பை 2025 ஆகஸ்டில் கண்டோம். இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தவுடன், வாங்குபவர்களின் கண் வங்கதேசத்தின் மீதும் வியட்நாமின் மீதும் திரும்பியது. அதே சட்டையை அங்கும் தைக்கலாம். உடுத்துகிறவருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை. திரங்கானுவின் சொங்கேட்டை அப்படி வேறு நாட்டுக்கு மாற்றிவிட முடியாது.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது கனமானது. பெலிகாட் என்ற பெயர் நிலைத்ததால் பழவேற்காட்டுக்கு என்ன கிடைத்தது? இன்று அது மீனவர் ஊர். டச்சுக் கல்லறைகளைப் பார்க்கச் சிலர் வருகிறார்கள். பெயர் கடலுக்கு அப்பால் இருக்கிறது, தறி எங்கும் இல்லை. நம் பக்கத்திலேயே பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றும், விசைத்தறிப் போலிகளின் முன் கைத்தறி நெசவாளர்கள் தத்தளிக்கிறார்கள். இந்த மறுப்பை நாங்கள் ஏற்கிறோம். பெலிகாட் என்பது கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயர், நெய்தவரின் பெயரன்று. எந்தத் தெருவில் யார் நெய்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், தறி ஓய்ந்தபோது எங்கே போனார்கள் என்பதை எவரும் மொழியில் சேர்த்து வைக்கவில்லை. ஊரின் பெயர் தப்பியது, மனிதர்கள் தப்பவில்லை. ஆகவே லேபிளில் திருப்பூர் என்று அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நாங்கள் சொல்லவில்லை.

சொல்ல விரும்புவது இதுதான். உள்நாட்டுச் சந்தைக்கு நாமே செய்கிற சரக்கிலேனும் ஊரின் பெயர் இருக்கட்டும். அதை ஏற்றுமதியாளர்கள் பார்த்துக்கொள்ளலாம். கூடவே, தொழிலின் மனிதர்களையும் சொற்களையும் எழுத்தில் சேர்ப்பது நம் போன்றவர்களின் வேலை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யும் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’யும் அதைத் தொடங்கி வைத்தன. ஆனால் கைமடித்துக் கொடுக்கிற சிறுமியாகத் தொடங்கி டெய்லராக உயர்ந்த பெண், பிசிறு வெட்டியே முதுகு வளைந்த பாட்டி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ் பழகிக்கொண்ட இளைஞர்கள் ஆகியோரின் வாய்மொழி எங்கே பதிவாகியிருக்கிறது? பழைய பின்னல் எந்திரங்கள் இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இல்லாதது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் மனம்தான்.

கோத்தா பாருவில் வாங்கிய கைலி எங்களிடம் இருக்கிறது. திரும்பிய வாரத்தில் அதைத் தறி நெய்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் காட்டினோம். விரலால் இழையைத் தடவிப் பார்த்து, எத்தனையாம் நம்பர் நூல் என்று தமக்குள் கணக்கிட்டுவிட்டு, “யார் நெய்ததுங்க?” என்று கேட்டார். விலையையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. நம் சட்டைகளைப் பற்றி இந்தக் கேள்வி எழும் நாளில் பதில் சொல்லத்தக்க எழுத்து நம்மிடம் இருக்க வேண்டும்.