அடிக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா கேட்போம்



"அவன் சரியான குழப்படி, நல்லா அடிங்க" என்று பெற்றோரே எங்களிடம் சொல்கிறீர்கள். முன்பு நாங்களும் கை ஓங்கியவர்கள்தான். இனி மாட்டோம்.

கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்து ஒரு காது கேளாமல் போன மாணவனுக்கு 2021இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கச் சொன்னது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அடித்தால் அன்றைக்கு அடங்குவான். காரணம் அப்படியே இருக்கும். விடியுமுன் வலை இழுத்தவன் முதல் பாடத்திலேயே சினப்பான். எழுத்துக் கூட்டத் தெரியாதவள் கொப்பியைக் கிழிப்பாள்.

"என்ன மகன் கஷ்டம்? என்ன செஞ்சா சரிவரும்?" என்று கேட்டு, பிள்ளையோடு சேர்ந்தே வழி எடுப்போம். உம்மா, வாப்பா ஒருநாள் வாங்க. இல்லாவிட்டால் அவன் படிப்பை விட்டுக் கடலுக்கே போய்விடுவான்.