தீ வைத்தால் வழக்கு, அணைத்தால் தினக்கூலி

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. இரும்புலியூர் பாலத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நண்பன் செல்போனை நீட்டினான். ஏதோ ஒரு மலை, ராத்திரி நேரம், ஆரஞ்சு நிறத்தில் தீ கோடு போட்டதுபோல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. எந்த மலை, எந்த வருஷம் என்று வீடியோவில் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தது, அவ்வளவுதான்.

"எல்லாம் அந்த மலைசாதிக்காரங்க வேலைதான் மச்சான். தேன் எடுக்கப் போறவன் பீடியப் போட்டுட்டு வந்துடுவான்."

இவன் படித்தவன். வீட்டு ஹாலில் புலி படம் மாட்டியிருக்கிறான். 'காட்டைக் காப்போம்' டீ-ஷர்ட் இரண்டு வைத்திருக்கிறான். நான் அன்றைக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லாமல் வந்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் அவன் சொன்னதில் உள்ள பாதி உண்மையை ஒத்துக்கொள்வோம். மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தியக் காடுகளில் அப்படித் தானாகப் பிடிக்கும் தீ அபூர்வம். ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதர் கை பட்டு வருவதுதான். சிகரெட், பீடி, ரோட்டோரக் குப்பை, எஸ்டேட்டில் புதர் எரிப்பது, மேய்ச்சலுக்காக வைப்பது, வனத்துறை மேல் உள்ள கோபத்தில் வைப்பது, மலையேறப் போகிறவர்கள் ராத்திரி குளிர்காயப் போடும் கேம்ப் ஃபயர் என்று பட்டியல் நீளும். அந்தக் கடைசி வகையில் நானும் ஒரு குற்றவாளி. இருபத்திரண்டு வயதில் ஒரு மலைமேல் நாங்கள் நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடியபோது, கூட வந்த வழிகாட்டி அண்ணன் பாடவில்லை. நெருப்பைச் சுற்றி மூன்றடிக்குப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் தூங்கிய பிறகு தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்ததும் அவர்தான். நாங்கள் அதைப் போட்டோகூட எடுக்கவில்லை.

ஆக, தீ மனிதர் வைப்பது என்பதில் சண்டை இல்லை. யார், எந்த மாதம், எதற்காக வைத்தார்கள் என்பதில்தான் சண்டை. 'காட்டுத்தீ' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வேறுவேறு பொருள்களைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். ஒன்று காட்டை அழிப்பது. இன்னொன்று காட்டை வைத்துப் பிழைத்தவர்கள் காட்டுக்குச் செய்துவந்த வேலை.

சோளகர்களை எடுத்துக்கொள்வோம். சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர்ப் பக்கம் நம்மிடமும் இருக்கிறார்கள். எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் 'தரகு பெங்கி' என்று ஒன்று வைத்திருந்தார்கள். தரகு என்றால் காய்ந்த சருகு, பெங்கி என்றால் நெருப்பு. கோடை முற்றுவதற்கு முன், மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போதே வைக்கும் சின்னத் தீ. முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுவிட்டு அடங்கிவிடும். பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு இளம்புல் முளைக்கும், மானும் காட்டெருமையும் மேய வரும். உண்ணிப்பூச்சி குறையும். கிழங்கு தோண்டப் போகிறவர்களுக்குத் தடம் தெரியும். முக்கியமாக, ஏப்ரலில் யாரோ எறிந்த பீடி விழும்போது, பற்றிக்கொள்ள அங்கே சருகு இருக்காது.

1974-இல் அந்த மலை சரணாலயமானது. இடம்மாறிச் செய்யும் விவசாயம் போனது, வேட்டை போனது, தீயும் போனது. அதற்குப் பிறகு நடந்ததைச் சோளகர்களிடம் கேட்டால், இரண்டு செடிகளின் பெயரைச் சொல்வார்கள்.

முதலாவது உண்ணிச்செடி. நம்ம ஊர் ரயில்வே லைன் ஓரத்தில் மஞ்சளும் ரோஸுமாகப் பூக்குமே, அதுதான். அழகுச்செடி என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. பிலிகிரிரங்கன் மலையில் ஆய்வாளர்கள் காடு முழுக்கச் சிறுசிறு கட்டங்கள் வகுத்து எண்ணினார்கள். 1997-இல் சுமார் 41 விழுக்காடு கட்டங்களில் உண்ணிச்செடி இருந்தது. 2008-இல் அது 81 விழுக்காடு. பதினோரு வருஷத்தில் இரட்டிப்பு. சிறுகன்றாக இருக்கும்போது சின்னத் தீயே அதைக் கொன்றிருக்கும் என்பது சோளகர்களின் வாதம். ஒருதடவை ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் வெட்டினாலும் எரித்தாலும் துளிர்க்கும்.

இரண்டாவது, நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவி. நெல்லிக்காய் பொறுக்குவது அவர்களுடைய வருமானம். தீ நின்றதும் புல்லுருவி பெருகி மரத்தை உறிஞ்சிக் கொல்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஆய்வாளர்கள் பின்னால் வந்து அதைச் சோதித்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார்கள். சொன்னவர்களுக்கு அது கட்டுரை இல்லை, சாப்பாடு.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் வனத்துறை 1864-இல் அமைக்கப்பட்டதிலிருந்தே தீயை எதிரியாகப் பார்த்தது. அவர்களுக்குக் காடு என்றால் ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை, கப்பலுக்குத் தேக்கு. மரத்தைச் சொத்தாகப் பார்ப்பவனுக்கு நெருப்பு நஷ்டம்தானே? 1882-இன் மதராஸ் வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் காட்டை ஆள்வது அந்தச் சட்டத்தின் வழிதான். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்கார அதிகாரிகளே சீக்கிரம் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். 1896-இல் ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது, தேக்குக் கன்று முளைக்கவில்லை என்று 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழிலேயே எழுதினார். எழுதி நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சட்டம் எழுதியவனுக்கு வந்த சந்தேகம், சட்டத்தைச் சுமப்பவர்களுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். நாட்டின் பெரும்பகுதியில் நடைமுறையில் உள்ள 1927ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, காட்டில் உரிமை வைத்திருப்பவர்கள் தீப்பிடித்தால் அணைக்க உதவியே ஆகவேண்டும் என்கிறது. உதவாவிட்டால் தண்டனை. அதாவது, நெருப்பை எப்படிக் கையாள்வது என்று உனக்குத் தெரியும் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் நாங்கள் கூப்பிடும்போது மட்டும் அது உனக்குத் தெரிந்தால் போதும்.

இன்றைக்கும் அதே கதைதான். கோடை வந்தால் வனத்துறை தீத்தடுப்புக் காவலர்களை எடுக்கிறது. சில மாத வேலை, தினக்கூலி. பல மலைகளில் அந்த வேலைக்கு வருபவர்கள் பழங்குடிகள். தீத்தடுப்புக் கோடு வெட்டுவது அவர்கள். பச்சைத் தழையை ஒடித்துத் தீயை அடிப்பதும் அவர்கள். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் கருகிச் செத்தார்கள். இதற்கு நடுவே 2024 மார்ச்சில் குன்னூரில் காடு எரிந்தபோது, விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு வந்து மேலேயிருந்து ஊற்றியது. எல்லா டிவியிலும் காட்டினார்கள். எரியும்போது ஹெலிகாப்டர் வேண்டும்தான். எரிவதற்கு முன் டிசம்பரிலும் ஜனவரியிலும் என்ன செய்தோம் என்பதை எந்த டிவி காட்டியது?

2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அன்றைக்கும் முதல் சந்தேகம் காட்டோர மக்கள்மேல். வைத்தவன் யாராகவும் இருக்கட்டும். ஒரு தீக்குச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது தீக்குச்சி இல்லை, தரையில் கிடக்கும் விறகு. பல வருஷமாகச் சேர்த்துவைத்த சருகும், காய்ந்து நிற்கும் உண்ணிப் புதரும்தான் அந்த விறகு. புதர் உயரமாக இருந்தால் தீ ஏணி வைத்ததுபோல மரத்தின் தலைக்கு ஏறும்.

குரங்கணி ஞாபகம் இருக்கும். 2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூரிலிருந்தும் போனவர்கள், நம் வயதுக்காரர்கள், 23 பேர் செத்தார்கள். தெற்கே போகிற பஸ் எல்லாம் தாம்பரத்தைத் தாண்டித்தான் போகும். அந்த மாதிரி வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் நானும் பல தடவை ஏறியிருக்கிறேன். அதனால் இதைப் பற்றி வாயை அளந்துதான் பேசவேண்டும். பழங்குடிகளின் தீ நிறுத்தப்பட்டதால்தான் குரங்கணி எரிந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் சொல்வது வேறு. புகை தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். சீருடையும் ஹெலிகாப்டரும் பின்னால்தான் வந்தன. அரசு விசாரணை வைத்தது, அதே வருஷம் மலையேற்ற விதிகள் கொண்டுவந்தது. நல்லது. யார் மலை ஏறலாம் என்று விதி வந்தது. மார்ச் மாதத்தில் ஆளுயரக் காய்ந்த புல் நிற்கும் சரிவை யார், எப்போது, எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வி ட்ரெக்கிங் பேச்சில் காணாமல் போனது.

இனி எதிர்வாதங்கள். "ரொமான்டிசைஸ் பண்றீங்க" என்று கமென்ட் வரும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாக் காடும் எரிவதற்கானது இல்லை. சோலைக்காட்டு மரங்கள் தீயைத் தாங்காது. எல்லாப் பழங்குடிகளும் ஒன்றில்லை. தோடர்கள் புல்வெளியை எரித்துப் பராமரித்தவர்கள். மழைக்காட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை. அதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. இன்றைய உண்ணிக் காட்டுக்குள் பழைய தரகு பெங்கியை வைத்தால் அது தரகு பெங்கியாக இருக்காது, ஊழித்தீ ஆகிவிடும். இதைச் சோளகப் பெரியவர்களே சொல்கிறார்கள். கோடையும் முன்பு மாதிரி இல்லை, வெயில் முந்துகிறது, மழை தள்ளிப்போகிறது. ஆகவே நாளைக்கே தீப்பெட்டியைக் கொடுங்கள் என்று கேட்பது மடத்தனம். முதலில் புதரை வெட்டி வேரோடு எடுக்கவேண்டும். பிறகு துண்டு துண்டாகச் சோதித்துப் பார்க்கவேண்டும். நாற்பது, ஐம்பது வருஷம் தடை இருந்ததால் அறிவும் கிழவர்களோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. தாமதிக்கும் ஒவ்வொரு வருஷமும் கேட்க ஆள் குறைகிறது. இந்த எதிர்வாதங்கள் எதுவும் தடையைத் தொடர்வதற்குக் காரணம் ஆகாது, அவசரப்படுவதற்குத்தான் காரணம்.

உலகம் இதை ஏற்கெனவே பட்டுத் திருந்தியிருக்கிறது. கலிஃபோர்னியா 1850-லேயே பூர்வகுடிகள் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பிறகு ஊர் ஊராக எரிந்தது. 2021-இல் அதே மாநிலம், கருக், யுரோக் போன்ற மக்களின் மரபுத் தீயைப் பயிற்சியோடு வைப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்டில், வறண்ட காலத் தொடக்கத்திலேயே சின்னத் தீ வைத்துப் பெருந்தீயைத் தடுக்கும் பூர்வகுடிக் காவலர்களுக்கு, கார்பனைக் குறைத்ததற்காக ஒரு எரிவாயு நிறுவனமே பணம் தந்தது.

"அதெல்லாம் அமெரிக்கா, நம்ம ஊருக்குச் சரிவராது" என்பவர்கள் இரும்புலியூரிலிருந்து ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி வரைக்கும் போய் வாருங்கள். இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் வந்து, ஒரே அடியில் பிழைப்பு போனது. பரம்பரைத் தொழில் குற்றமானது. அதோடு கதை முடிந்திருக்கலாம். 1978-இல் அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடி, விஷத்தை எடு, திரும்பக் காட்டில் விடு. வனத்துறையே லைசென்ஸ் கொடுத்தது. இன்று இந்தியாவில் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்து போகிறது. 2017-இல் ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்க முடியாமல் அமெரிக்கர்கள் திணறியபோது மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

அதே நாடு, அதே சட்டம், அதே வனத்துறை. பாம்பு விஷயத்தில் 'குற்றம்' லைசென்ஸ் ஆக முடிந்தது என்றால், தீ விஷயத்தில் ஏன் முடியாது?

அதனால் என் கோரிக்கை எளிமையானது. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் வழக்குகளால் பட்டா கொடுப்பதே பல வருஷம் முடங்கிக் கிடந்தது. இனியாவது சமூக வன உரிமையை முழுதாகக் கொடுங்கள். உண்ணிச்செடியை அகற்றும் வேலையைக் கான்ட்ராக்டரிடம் தராமல் கிராம சபையிடம் கொடுங்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடிகள் அந்தக் குச்சியில் செய்த யானைகள் ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போயின, அது குப்பை இல்லை. சுத்தமான இடத்தில், ஈரம் உள்ள மாதத்தில், கிராம சபை தீர்மானம் போட்டு, வனத்துறை பக்கத்தில் நிற்க, சின்னத் தீ வைக்க லைசென்ஸ் கொடுங்கள். தீத்தடுப்புக் காவலருக்கு வருஷம் முழுக்கச் சம்பளம், காப்பீடு கொடுங்கள். தீக்காலம் மார்ச்சில் தொடங்கினாலும் தீ வேலை டிசம்பரிலேயே தொடங்குகிறது.

என் நண்பனுக்கு இந்தக் கட்டுரையின் லிங்க்கை அனுப்புவேன். நம் ஊர் பெயரிலேயே புலி இருக்கிறது மச்சான், இப்போது புலி இருப்பது வண்டலூர்க் கூண்டில். காட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எலி வளைக்குப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, புகையை மட்டும் உள்ளே ஊதி, வரப்பில் ஒரு புல்கூடக் கருகாமல் எலி பிடிக்கும் இருளரை நம் ஏரிக்கரைப் பக்கமே பார்த்திருக்கிறோம். நெருப்பை அப்படிக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்து, அடுத்த முறை பீடி கதை சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசி.