'ப' வடிவமும் பின்வரிசையும்

2025 ஜூலைத் திங்களில், தமிழகப் பள்ளிகளில் இருக்கைகளைப் 'ப' வடிவில் அமைப்பது பற்றிப் பெரிதாகப் பேசப்பட்டது. 2024இல் வெளியான 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்னும் மலையாளத் திரைப்படம் தூண்டிய பேச்சு அது. கடைசி பெஞ்சு ஒழியும் என்றனர் சிலர். கழுத்து வலிக்கும், பலகை தெரியாது என்றனர் வேறு சிலர். இரு சாராரும் பெஞ்சைச் சுற்றியே வந்தனர். பெஞ்சை எப்படி வளைத்துப் போட்டாலும், பின்வரிசை ஆசிரியரின் கேள்வியில் உயிரோடிருக்கும்.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரே வினாடி! கெட்டிக்காரர் எனக் கருதப்பட்டோருக்குக் கிடைத்த அவகாசம், மந்தம் எனக் கருதப்பட்டோருக்குக் கிடைக்கவில்லை. மூன்று வினாடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன. வாய் திறவாதவர்களும் பேசினர். மூன்று வினாடி என்பது சிலுவை அடையாளம் வரைய ஆகும் நேரம். ஆசிரியராகிய நாம் அன்றாடம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுவே: இன்று எவரிடம் கேட்டோம்? எவருக்காகக் காத்திருந்தோம்? எந்தப் பதிவேடும் இக்கணக்கைக் கேட்பதில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே அறிந்திருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அவை 21. கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். அதனை இளமையிலேயே கண்டறிவது பள்ளியின் கடமை என்கிறது சட்டம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் துணையாளும் உண்டு. ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முன்னே, எழுத்தில் தடுமாறும் சிறுவனைச் 'சோம்பேறி' என்று முடிவு கட்டாத ஓர் ஆசிரியர் வேண்டும்.

நம் பள்ளிகளின் கதைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே அத்தீர்ப்பை ஐயுற்றனர்.) சட்டம் விலகி நின்ற இடத்தில் மனச்சான்றல்லவா முன்வந்திருக்க வேண்டும்? எல்.கே.ஜி. சேர்க்கைக்கே நேர்காணல் வைக்கும் பள்ளிகள் நம்மிடையே உண்டு. மூன்று வயதுக் குழந்தையைச் சலித்தெடுக்கவா சிறுபான்மை உரிமை? வாயிலில் 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்று பதாகை தொங்குகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் அந்த விழுக்காட்டில் எங்கே?

"ஐம்பது பேர் வகுப்பில் ஆளுக்கொரு பாடமா?" என்பர். நியாயமான கேள்விதான். ஆளுக்கொரு பாடம் எவரும் கேட்கவில்லை. கேள்வியைச் சொல்லிவிட்டு, எல்லாரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொல்லலாம். பக்கத்துப் பிள்ளையோடு கலந்து பேசவிட்டுப் பிறகு விடை கேட்கலாம். பலகையில் எழுதியதை உரக்கப் படிக்கலாம். இவற்றுக்கு நிர்வாகத்தின் பணமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். 'பாடத்திட்டம் முடியாது' என்ற முறையீடும் வரும். முன்வரிசை ஐவரோடு முடிந்த பாடத்தை முடிந்ததாக எப்படிக் கணக்கெழுதுவது?

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், ரேங்க் என்ன என்று விசாரிக்கும் முன், "இம்மாதம் என் பிள்ளையிடம் எத்தனை கேள்வி கேட்டீர்கள்?" என்று எங்களைக் கேளுங்கள்.