அவசர மனந்திரும்புதல் வேண்டாம்
கிறிஸ்தவக் காதல் நாவல் என்றாலே கடைசி அத்தியாயத்தில் நாயகன் மனந்திரும்புவான், ஆலயமணி ஒலிக்கும், சுபம் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் பிரான்சின் ரிவர்ஸ் அப்படி எழுதவில்லை. வணிகக் காதல் கதைகளில் பெயர் வாங்கியிருந்தவர், 1986இல் விசுவாசத்துக்கு வந்தபின் சில ஆண்டுகள் எழுத்து வராமல் தவித்தார், வேதம் வாசித்தார். அந்த வேதத்தில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிஃபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோய், 1991இல் ‘ரிடீமிங் லவ்’ நாவலைத் தந்தார். அதில் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட நாயகி, தன்னை மணந்தவனை விட்டு மீண்டும் மீண்டும் ஓடுகிறாள். எந்தப் பிரசங்கமும் அவளைச் சட்டென்று மாற்றிவிடுவதில்லை. ரிவர்ஸ் எழுத்து வராமல் தவித்த ஆண்டுகளும் இதையே சொல்கின்றன: ஓயாமல் எழுதிக் குவிப்பது மட்டுமே விடாமுயற்சி ஆகாது. சொல்ல வேண்டியது கனியும்வரை காத்திருப்பதும் எழுத்தாளரின் உழைப்புதான்.